கரண்ட் போனால் காவல் யார்?

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் கரையேறாமல், சென்னைக்கு அருகே கடலில் மெல்ல நகர்ந்தபடி மழையைக் கொட்டியது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் என்று தண்ணீர் ஏறிய இடங்களில் மின்வாரியம் கரண்டை நிறுத்தியது. தெருமுனைப் பில்லர் பாக்ஸ் முழங்கால் தண்ணீரில் நிற்கும்போது நிறுத்தத்தான் வேண்டும். அந்த நாட்களில் பெங்களூரு, துபாய், நியூஜெர்சி என்று எங்கெங்கோ இருந்த பிள்ளைகள், பெற்றோர் தனியாக இருக்கும் வீட்டையோ பூட்டிக் கிடக்கும் வீட்டையோ பார்ப்பதற்காகக் கேமரா ஆப்பைத் திறந்தார்கள். கட்டங்கள் எல்லாம் கறுப்பு. ‘ஆஃப்லைன்’ என்ற ஒரே சொல்.

வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டதா? கேபிள் அறுந்ததா? யாராவது பூட்டை உடைத்து உள்ளே போய் முதல் வேலையாக ஒயரைப் பிடுங்கினார்களா? இல்லை, வெறும் மின்தடைதானா? அந்த ஒரு சொல்லுக்குள் இத்தனையும் அடக்கம். எது என்று தெரியாமல் தவிப்பது, கெட்ட செய்தி ஒன்றைக் கேட்பதைவிடக் கொடுமை. பல ஆயிரம் ரூபாய் செலவழித்து மாட்டிய காவல், மிகவும் தேவைப்பட்ட இரவில்தான் முதலில் படுத்தது.

இதில் கேமராவின் மேல் குற்றம் இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் அது என்ன செய்யும்? கேமராவும் அலாரமும் வாங்குகிற நாம், அவற்றுக்கும் அவற்றைச் சுமக்கிற இணையத்துக்கும் இடைவிடாமல் மின்சாரம் தருகிற பொறுப்பு நம் தலையில் வந்து விழுந்துவிட்டது என்பதை அறியாமலே வாங்குகிறோம். விற்பவரும் சொல்வதில்லை. இணைப்புக் கொடுக்க வருகிறவரும் சொல்வதில்லை.

சென்னையில் 2017-இல் காவல் ஆணையராக இருந்த ஏ.கே.விஸ்வநாதன் ‘மூன்றாவது கண்’ திட்டத்தைத் தொடங்கியபோது, தெருவுக்குத் தெரு கேமரா வந்தது. கடைகளும் குடியிருப்புகளும் பின்தொடர்ந்தன. நான்கு கேமராவும் அவற்றின் படத்தைப் பதியும் ஒரு டி.வி.ஆரும் நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய விலைக்கு இறங்கின. பிறகு அச்சம் கிராமத்துக்கும் போனது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூவர் கொல்லப்பட்டார்கள். சில மாதங்கள் கழித்து ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே, தோட்டத்தில் தனியாக வாழ்ந்த வயதான தம்பதி கொல்லப்பட்டார்கள். கொங்கு நாட்டில் சாளை என்கிற தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவை நினைத்து, அதன் பிறகு எத்தனையோ பேர் தூக்கம் இழந்தார்கள். அந்த வீடுகளிலும் இன்று கேமரா இருக்கிறது. அதன் படம் இணையம் வழியாகக் கோவைக்கும் பெங்களூருக்கும் போகிறது. ஊரைவிட்டு ஒதுங்கி நிற்கும் அந்தத் தோட்டங்களில் கரண்ட் போவது அரிதான செய்தியா என்ன?

எக்ஸ்சேஞ்ச் சுமந்த பாரம்

கறுப்பு டெலிபோன் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். தெருவே இருட்டில் கிடக்கும். ரிசீவரை எடுத்தால் ‘கொர்ர்’ என்று டயல் டோன் வரும். காரணம், அந்தப் போன் நம் வீட்டு மின்சாரத்தைத் தொடவே இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஓர் அறை முழுக்க பேட்டரிகள் இருந்தன. அங்கிருந்து 48 வோல்ட் நேர்மின்சாரம், பேச்சைச் சுமக்கும் அதே செம்புக் கம்பி வழியாக நம் வீடுவரை வந்தது. பேட்டரி தீர்ந்தால் டீசல் எஞ்சின். அதைப் பராமரிக்க ஆட்கள். அந்த ஏற்பாட்டில் நமக்கு ஒரு வேலையும் இல்லை. மேல்நாடுகளில் வீட்டு அலாரங்கள் பல பத்தாண்டுகள் இந்தக் கம்பியில்தான் ஓடின. திருடன் வந்தால் அலாரப் பெட்டி தானே டயல் செய்து கண்காணிப்பு மையத்துக்குச் சொல்லும்.

இப்போது வீட்டுக்கு வருவது கண்ணாடி இழை. வேகத்தில் செம்புக் கம்பி அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் கண்ணாடி ஒளியைத்தான் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே இழையின் நம் பக்க நுனியில் இருக்கும் பெட்டிக்கு, வீட்டில் எல்லோரும் மோடம் என்று சொல்கிற அந்த வெள்ளைப் பெட்டிக்கு, கரண்ட் நம் வீட்டுச் சுவரில் இருந்துதான் போக வேண்டும். எக்ஸ்சேஞ்சில் இருந்த பேட்டரி அறையின் பொறுப்பு, சத்தமில்லாமல் நம் ஹாலுக்கு இடம் மாறிவிட்டது.

மற்ற நாடுகள் இதைக் கவனிக்கின்றன. பிரிட்டனில் பழைய செம்புக் கம்பித் தொலைபேசியை 2027 ஜனவரிக்குள் நிறுத்துவது என்று முடிவு. அதற்கு முன்பே அங்கே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காம் ஒரு நெறி வகுத்தது: கைப்பேசிச் சிக்னல் இல்லாமல் வீட்டுப் போனை மட்டுமே நம்பியிருப்பவருக்கு, கரண்ட் போன பிறகும் குறைந்தது 1 மணி நேரம் அவசர எண்ணை அழைக்க நிறுவனம் வழி செய்ய வேண்டும். 1 மணி நேரம் போதுமா என்று அங்கே சண்டை நடக்கிறது. நம் ஊரில் அந்தச் சண்டை தொடங்கவே இல்லை. இணைப்புக் கொடுக்கும்போது வேகம் எத்தனை எம்.பி.பி.எஸ், எந்தெந்த ஓ.டி.டி இலவசம் என்று சொல்கிறார்கள். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று நாம்தான் கேட்க வேண்டும்.

வீட்டுக்குள் ஓடும் சங்கிலி

கேமராவில் தொடங்கி நம் போன்வரை எத்தனை பெட்டிகள்? கேமரா, அதற்கு 12 வோல்ட் தரும் பவர் சப்ளை, டி.வி.ஆர், ரவுட்டர், மோடம். இந்த ஐந்தில் ஒன்று அணைந்தாலும் படம் வராது. பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான்: கேமராவும் டி.வி.ஆரும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும். மோடம் மட்டும் டி.வி.க்குப் பின்னால் ஏதோ ஒரு பிளக்கில் சொருகியிருக்கும், அந்த பிளக்குக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இராது. கரண்ட் போனதும் கேமரா விழித்திருக்கும், டி.வி.ஆர் பதிவு செய்துகொண்டிருக்கும், உங்கள் போனில் மட்டும் ஒன்றும் தெரியாது. ஒரு எலக்ட்ரீஷியன் அரைமணி நேரத்தில் சரிசெய்துவிடக்கூடிய இந்தக் குறை பல ஆண்டுகளாக அப்படியே கிடக்கிறது.

தமிழ்நாட்டில் இன்வெர்ட்டர் வீட்டுப் பொருளானது 2012 மின்வெட்டின்போது. சென்னைக்கு வெளியே ஒரு நாளில் 10 மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாத காலம் அது. அப்போது இன்வெர்ட்டர் வாங்கிய நோக்கம் மின்விசிறி சுற்ற வேண்டும், பிள்ளைகள் படிக்க விளக்கு எரிய வேண்டும் என்பது. காவலுக்கு என்று யாரும் அதை வாங்கவில்லை. ஒயரிங்கும் அப்படித்தான் இழுக்கப்பட்டது.

கணக்கைப் பார்ப்போம். வழக்கமாக வீடுகளில் இருப்பது 150 ஏ.ஹெச் பேட்டரி. 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,800 வாட்-மணி. இன்வெர்ட்டர் தின்னும் இழப்பு, பேட்டரியின் வயது எல்லாம் போக, ஏறக்குறைய 1,200 நம் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்வோம். பழைய வகை மின்விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும். இரண்டு விசிறி, நான்கு விளக்கு, ஒரு டி.வி. என்றால் 250 வாட்டை நெருங்கும். 5 மணி நேரத்துக்குள் பேட்டரி காலி. ஆனால் காவலுக்கு வேண்டியது எவ்வளவு? நான்கு கேமராவுக்கு 16 வாட், ஹார்ட் டிஸ்க்கோடு டி.வி.ஆருக்கு 15, மோடமுக்கு 10. எல்லாம் சேர்த்து 40 வாட்டுக்குச் சற்று மேல். இன்வெர்ட்டர் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் 15, 20 வாட்டைச் சேர்த்தாலும் 60. அதே பேட்டரியில் 20 மணி நேரம் ஓடும்!

புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் இந்தக் கணக்கை வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லி வையுங்கள். மின்விசிறிகளையும் டி.வி.யையும் நிறுத்தினால், இணையமும் கேமராவும் பல மணி நேரம் கூடுதலாக உயிரோடு இருக்கும். பழைய விசிறியை 30 வாட்டில் சுற்றும் பி.எல்.டி.சி. விசிறியாக மாற்றினால் ஆண்டு முழுக்கவும் லாபம்.

இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போன நொடியில் மோடம் அணைந்து மறுபடி எழுகிறதா? எழுந்து இழையைப் பிடித்து, கேமரா மீண்டும் சர்வரோடு பேச 2, 3 நிமிடம் ஆகும். பூட்டை உடைக்க அந்த நேரம் போதும். இன்வெர்ட்டரின் பின்பக்கமோ முன்பக்கமோ ‘யு.பி.எஸ்’, ‘ஈகோ’ என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். யு.பி.எஸ் பக்கம் தள்ளினால் கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாறும் நேரம் மிகவும் குறைந்துவிடும், மோடம் கண்சிமிட்டாது. ஒரு சங்கடம் உண்டு. யு.பி.எஸ் நிலையில், வரும் மின்னழுத்தம் ஏறத்தாழ 180 வோல்ட்டுக்குக் கீழே போனாலே இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவிவிடும். லோ வோல்டேஜ் தினமும் படுத்தும் கிராமத்து வீடுகளில் இது பேட்டரியை வீணாகத் தின்றுவிடும். அங்கே ஈகோவிலேயே விட்டுவிட்டு, மோடமுக்கு மட்டும் தனியாக ஒரு குட்டி யு.பி.எஸ் வைப்பது நல்லது.

அந்தக் குட்டி யு.பி.எஸ்ஸை நான் வாய் ஓயாமல் சிபாரிசு செய்கிறேன். உள்ளங்கை அளவு பெட்டி, உள்ளே லித்தியம் செல்கள், நேராக 12 வோல்ட் தரும். விலை பெரும்பாலும் 1,500-லிருந்து 3,000 ரூபாய்க்குள். ஐந்தாவது கேமரா வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் அந்தப் பணத்தில் முதலில் இதை வாங்க வேண்டும். ஆனால் அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். 10,000 எம்.ஏ.ஹெச் என்று இருக்கும்; மோடம் 1 ஆம்பியர்தான் இழுக்கிறது, ஆகவே 10 மணி நேரம் வரும் என்று கடைக்காரர் வகுத்துக் காட்டுவார். அந்த 10,000 என்பது செல்லின் 3.7 வோல்ட்டில் அளந்தது. பெருக்கினால் 37 வாட்-மணிதான். அதை 12 வோல்ட்டாக உயர்த்தும்போது கொஞ்சம் இழப்பு. 9 வாட் மோடமுக்கு 3 மணி நேரம் சொச்சம் வரும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தி மதியம் 2 மணிக்குத் தருகிற மின்தடையையே அது தாண்டாது. அதைத் தாண்ட வேண்டுமானால் இன்வெர்ட்டர் லைனில் குட்டி யு.பி.எஸ்ஸைச் சொருகுங்கள்: முதலில் இன்வெர்ட்டர் தாங்கும், அது ஓய்ந்த பிறகு இது.

வாங்குமுன் மோடத்தைத் திருப்பி அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 12 வோல்ட் 1 ஆம்பியர், 12 வோல்ட் 1.5 ஆம்பியர், சில ரவுட்டர்களில் 9 வோல்ட். மாற்றிச் சொருகினால் பெட்டி போய்விடும். பி.ஐ.எஸ் பதிவு முத்திரை இல்லாத லித்தியம் சாமானை, அதிலும் பூட்டிய வீட்டில் இரவும் பகலும் சார்ஜில் கிடக்கப்போவதை, எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். திரைச்சீலைக்கும் மெத்தைக்கும் அருகே வைக்காதீர்கள். மொட்டை மாடி இரும்புப் பெட்டிக்குள் பேட்டரி வைத்தால் வேலூர் வெயிலில் அதன் ஆயுள் பாதியாகும்.

தெருவில் எங்கே அறுகிறது?

வீட்டுக்குள் எல்லாம் சரியாக இருந்தும் கரண்ட் போனதும் நெட் போகிறதா? அப்போது கோளாறு வெளியே. இதில் இரண்டு வகை இணைப்பு உண்டு, வித்தியாசம் பெரிது.

ஒன்று, நிறுவனத்தின் நிலையத்திலிருந்து உங்கள் மோடம்வரை முழுக்க இழையாக வருவது. நடுவில் ஓர் இழை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரியும். அந்தப் பிரிப்பான் வெறும் கண்ணாடி. அதற்கு மின்சாரமே தேவையில்லை. நிலையத்தில் பேட்டரியும் ஜெனரேட்டரும் இருக்கும்வரை, தெரு முழுக்க இருட்டானாலும் உங்கள் மோடத்துக்கு ஒளி வந்துகொண்டிருக்கும். இன்னொன்று, இழை தெருமுனைவரையோ அடுக்ககத்தின் மாடிவரையோ வந்து, அங்கே ஒரு சுவிட்ச் பெட்டியில் முடிந்து, அதிலிருந்து லான் ஒயரிலோ கேபிள் டி.வி. ஒயரிலோ வீட்டுக்குள் வருவது. அந்தப் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். கம்பத்திலோ யாரோ ஒருவர் வீட்டு மீட்டரிலோ அது தொங்கிக்கொண்டிருக்கும். அதன் பேட்டரி செத்து எத்தனை நாளாயிற்று என்று யாருக்கும் தெரியாது. உங்கள் வீட்டில் ஒரு அறை நிறைய பேட்டரி அடுக்கினாலும் பயன் இல்லை.

இணைப்புக் கொடுக்கிறவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “உங்க ஆபீஸுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல கரண்ட் தேவைப்படற பெட்டி ஏதாவது இருக்கா?” இருக்கிறது என்றால், அது எங்கே, எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேளுங்கள். அடுக்ககமாக இருந்தால் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் ஜெனரேட்டர் இருக்கிறது. 30 வாட்கூட இழுக்காத அந்த நெட் பெட்டியை ஜெனரேட்டர் லைனில் சேர்க்கத் தீர்மானம் போடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. அது தரைத்தளத்தில் இருந்தால் முதல் மாடிக்கு ஏற்றச் சொல்லுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்கு இதற்கு விளக்கம் வேண்டாம்.

இரண்டாவது வழியாக சிம் கார்டு. சிம் போடும் வசதியுள்ள ரவுட்டர் வந்துவிட்டது. இழை அறுந்தால் தானே 4ஜிக்கு மாறிக்கொள்ளும். நல்ல ஏற்பாடு. இருந்தாலும் டேட்டாவைக் கவனிக்க வேண்டும். கேமராவின் முழுத்தரப் படம் 2 எம்.பி.பி.எஸ் என்று தொடர்ந்து ஓடினால் மணிக்கு 0.9 ஜி.பி. போகும். நாளுக்கு 1.5 ஜி.பி. திட்டம் 2 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆப்பில் சப்-ஸ்ட்ரீம் என்ற குறைதரப் படத்தைத் தேர்ந்தெடுத்து, அசைவு தெரிந்தால் மட்டும் அறிவிப்பு வரும்படி வைத்தால் நாள் முழுக்கத் தாங்கும். அந்த சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்துபோயிருப்பதை, தேவைப்படும் நாளில்தான் பலர் கண்டுபிடிக்கிறார்கள். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் ப்ரீபெய்ட் எண்ணையே துண்டித்துவிட விதி இடம் தருகிறது. பழைய ‘ஆட்டோ டயலர்’ அலாரங்களில் 2ஜி சிம் மட்டுமே வேலை செய்யும். ஜியோவில் 2ஜி கிடையாது, அந்த சிம்மைப் போட்டுவிட்டு அலாரம் வேலை செய்யவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. இழை ஒரு நிறுவனம் என்றால் சிம் இன்னொரு நிறுவனமாக இருக்கட்டும்.

இதற்கும் எல்லை உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்கம்பத்தில்தான் கேபிளும் கட்டியிருக்கும். இரண்டும் சேர்ந்தே விழும். செல்போன் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம், பிறகு டீசல். டீசல் லாரி வரப் பாதை வேண்டும். அப்படிப்பட்ட நாட்களில் எந்த ஏற்பாடும் படம் காட்டாது. அப்போது கேமராவுக்குள்ளேயே இருக்கும் மெமரி கார்டில் பதிவாவது நடக்கட்டும். நெட் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பூட்டிய வீட்டின் தனிப் பிரச்சினைகள்

ஊருக்குக் கிளம்பும்போது கேஸ் சிலிண்டரை மூடி, குழாயை இறுக்கி, கடைசியாக மெயினை ஆஃப் செய்வது நம் வழக்கம். அம்மா காலத்துப் பழக்கம், பாதுகாப்பானதும்கூட. ஆனால் கேமரா வைத்த வீட்டில் மெயினை அணைத்தால், இன்வெர்ட்டர் ஒரு நாள் தாக்குப்பிடித்துவிட்டு ஓய்ந்துவிடும். காலியான பேட்டரி மாதக்கணக்கில் கிடந்து பாழாகும். காவல் பெட்டிகளுக்கு மட்டும் தனி எம்.சி.பி. வைத்து ஒரு லைன் பிரித்துக்கொள்ளுங்கள். மற்றதையெல்லாம் அணைத்துவிட்டுப் போகலாம்.

அதைவிட நயவஞ்சகமானது மின்கசிவு பிரேக்கர். எங்கோ இடி விழுகிறது, ஆர்.சி.சி.பி. ‘டக்’ என்று கீழே இறங்குகிறது. தெரு முழுக்க விளக்கு எரியும், உங்கள் வீட்டில் மட்டும் கரண்ட் இராது. ஆள் இருந்தால் தூக்கிவிட்டுப் போய்விடுவார். பூட்டிய வீட்டில் யார் தூக்குவது? காவல் லைனுக்குத் தனியாக ஒரு கசிவு பிரேக்கர் இருந்தால், மாடிப் பல்பில் மழைநீர் இறங்கியதற்காக மோடம் அணையாது. கசிவு பிரேக்கரே வேண்டாம் என்று சிலர் கழற்றிவிடுகிறார்கள். உயிர் காக்கும் கருவி அது, அந்த வேலை மட்டும் செய்யாதீர்கள்.

டியூபுலர் பேட்டரிக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் வீட்டில் அதை எதிர்பார்க்க முடியாது. அங்கே தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத ஜெல் பேட்டரியோ லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியோதான் பொருத்தம். விலை கூடுதல்தான்.

மாடியில் சோலார் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. அரசு மானியத்தில் மாட்டும் மின்வாரிய லைனோடு இணைந்த சோலார், கரண்ட் போன மறுநொடி தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரை, வீட்டிலிருந்து போகும் மின்சாரம் தாக்கிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் வகை என்றால்தான் மின்தடையில் கை கொடுக்கும். தோட்டத்து வீட்டுக்கு வேறு ஒரு நல்ல வழி இருக்கிறது: சிறு சோலார் தகடும் பேட்டரியும் சிம்மும் தன்னிடமே கொண்ட 4ஜி கேமரா. வாசலுக்கு ஒன்று வைத்தால் மின்வாரியத்தையும் மோடத்தையும் நம்பாமல் தனியாக நிற்கும்.

அடிக்கடி கரண்ட் போய் வந்தால் டி.வி.ஆரின் ஹார்ட் டிஸ்க்கும் கெடும், கடிகாரமும் பிசகும். உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். திருட்டு நடந்த நேரமும் பதிவில் உள்ள நேரமும் பொருந்தாவிட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் விடமாட்டார். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும். பதிவே குழப்பமாக இருந்தால் சான்றிதழ் எப்படிக் காப்பாற்றும்?

‘ஆஃப்லைன்’ என்றால் என்ன?

முதலில் சொன்ன தவிப்புக்கு வருவோம். பல வீடுகளில் மீட்டரும் ஃபியூஸ் கேரியரும் வாசலுக்கு வெளியே, கை எட்டும் உயரத்தில் இருக்கின்றன. ஃபியூஸைப் பிடுங்கினால் வீடு இருண்டுவிடும் என்பது திருடனுக்கும் தெரியும். ஆகவே மின்தடையும் திருட்டு முயற்சியும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு வழி வேண்டும்.

எளிய வழி: கேமராவின் பார்வையில் படும்படி, இன்வெர்ட்டர் இணைப்பில்லாத பாயிண்டில் ஒரு ஜீரோ வாட் பல்பை எரியவிடுங்கள். படம் வருகிறது, பல்பு எரியவில்லை என்றால் கரண்ட் போய்விட்டது, இன்வெர்ட்டரில் ஓடுகிறது என்று பொருள். உங்களுக்குப் பல மணி நேரம் அவகாசம் இருக்கிறது. உடனே மின்வாரியத்தின் சேவை மையமான மின்னகத்தை 94987 94987 என்ற எண்ணில் அழைத்து, மின் இணைப்பு எண்ணைச் சொல்லி, அந்தப் பகுதியிலேயே மின்தடையா என்று கேட்கலாம். பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது, உங்கள் வீட்டில் மட்டும் இல்லை என்று தெரிந்தால் உடனே ஆள் போக வேண்டும். ஃபியூஸ் பெட்டிக்குப் பூட்டுப் போட முடிந்தால் போட்டுவிடுங்கள்.

முறையான அலாரங்கள் இதைத் தாமே செய்கின்றன. பேட்டரியில் ஓடும் கதவு சென்சார், அசைவு சென்சார், சைரனோடு ஒரு மையப் பெட்டி. அதற்குள் சொந்த பேட்டரியும் சிம்மும். கரண்ட் போனதும் ‘மின்சாரம் இல்லை, பேட்டரியில் இருக்கிறேன்’ என்று தனிச் செய்தி அனுப்பும். குறித்த இடைவெளியில் ‘இருக்கிறேன்’ என்று சர்வரிடம் சொல்லிக்கொண்டே இருக்கும். அது நின்றால் சர்வர் நமக்குச் சொல்லும். ஐரோப்பியத் தரநிலையான ஈ.என் 50131, வீடுகளுக்குப் பரிந்துரைக்கப்படும் இரண்டாம் நிலை அலாரங்கள் கரண்ட் இல்லாமல் 12 மணி நேரம் இயங்க வேண்டும் என்கிறது. கடையில் அலாரம் வாங்கும்போது கேட்க நல்ல அளவுகோல் அது. மலிவான கேமரா ஆப்கள் பலவற்றில், கேமரா துண்டிக்கப்பட்டால் அறிவிப்பு வரும் வசதி அணைந்தே இருக்கும். செட்டிங்ஸில் போய் அதை இயக்குங்கள். நாமாகத் திறந்து பார்க்கும்போதுதான் தெரியும் என்றால் அது காவலே இல்லை.

இத்தனையும் சரியாக இருந்து, நள்ளிரவில் கும்பகோணத்து வீட்டில் கதவு திறந்த செய்தி நியூஜெர்சியில் மதிய உணவு வேளையில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன? அங்கிருந்து யாரை அழைப்பது? வெளிநாட்டிலிருந்து 112-ஐ அழுத்தினால் அந்த நாட்டு அவசர சேவைக்குப் போகுமே தவிர நம் காவல் நிலையத்துக்கு வராது. உள்ளூர்க் காவல் நிலையத்தின் முழு எண், நாட்டுக் குறியீட்டோடு, போனில் இருக்க வேண்டும். வெளியூர் போகும்போது நிலையத்தில் தகவல் தரச் சொல்லிக் காவல்துறை ஒவ்வொரு பண்டிகைக்கும் கேட்டுக்கொள்கிறது, பெரும்பாலோர் செய்வதில்லை. எதிர்வீட்டு அண்ணனுக்கோ தெருமுனைக் கடைக்காரருக்கோ முன்கூட்டியே சொல்லி, அவர் சம்மதத்தோடு ஒரு சாவி கொடுத்து வையுங்கள். அலாரம் வந்த நேரத்தில் உள்ளே போய்ப் பார்க்கச் சொல்ல வேண்டாம்; தன் வாசலில் நின்று விளக்கைப் போட்டு, “யாருப்பா அது?” என்று சத்தமாகக் கேட்டால் போதும். இன்வெர்ட்டரும் இழையும் சிம்மும் செய்யக்கூடியது அவருக்குச் சேதி சொல்வது மட்டுமே.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு மெயினை அணையுங்கள். உங்கள் போனில் வைஃபையை நிறுத்தி, மொபைல் டேட்டாவில் கேமரா ஆப்பைத் திறந்து பாருங்கள். படம் வருகிறதா? கரண்ட் போனது என்று அறிவிப்பு வந்ததா? மெயினைப் போடாமல் அப்படியே விட்டு, எத்தனை மணி நேரத்தில் படம் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் காவல் தாங்கும் நேரம் அதுதான். போதவில்லை என்றால், மழைக்கு முன் சரிசெய்துவிடுங்கள்.